தேநீரும் ஜவ்வரிசியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் பேச அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு வாய்த்த பொருள் தேநீர். போபோடியில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேநீர் அருந்தி வருபவன் என்பதன்றி எனக்கு வேறு தகுதி இல்லை.

என் தந்தையார் 1958-ல் கட்கித் தொழிற்சாலையில் வேலை ஏற்று வந்தபோது மராத்தியில் ஒரு சொல்லும் அறியார். அவருக்குப் பள்ளிக்கூடமாய் அமைந்தது ஓர் 'அம்ருத்துல்ய' தேநீர்க் கடை. அமுதுக்கு ஒப்பானது என்பது அப்பெயரின் பொருள். இராஜஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் புனேயில் வளர்த்த கடைகள் அவை. பாலும் நீரும் சர்க்கரையும் தேயிலைத் தூளும் பித்தளைப் பாத்திரத்தில் ஒன்றாகக் கொதிக்க, இஞ்சியும் ஏலக்காயும் இடித்துப் போட்டுத் துணியில் வடித்துத் தருவார்கள். நம் ஊரைப் போல வடிநீரையும் பாலையும் தனித்தனியே வைத்து ஆற்றிக் கலப்பதில்லை. தந்தையார் முதலில் முகம் சுளித்தாராம். பின்னர் அக்கடைப் பலகையில் அமர்ந்துதான் அவர் மராத்தி பேசக் கற்றார். நாங்கள் குடியிருந்த முதல் அறையும் அக்கடைக்காரர் சொல்லிக் கிடைத்ததே.

இனி என் பேரன் கதைக்கு வருகிறேன். அவனுக்குத் தமிழ் புரியும், பேச நாணுவான். எங்களிடையே பேச்சு ஆண்டுதோறும் குறைந்து, "சாப்பிட்டாயா?" என்ற ஒரு கேள்வியில் வந்து நின்றது. அவன் ஒருநாள் 'பபிள் டீ' என்னும் குமிழித் தேநீரைக் கொண்டுவந்தான். குளிர்ந்த பால் தேநீர், அடியில் கரிய உருண்டைகள், பருத்த உறிஞ்சுகுழல். "தேநீரில் கோலிக்குண்டா?" என்று எள்ளினேன். "குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தாத்தா" என்றான், தமிழிலேயே.

மென்றேன். என் தாயார் வைத்த ஜவ்வரிசிப் பாயசம் நினைவுக்கு வந்தது!

காரணம் உண்டு. 1980-களில் தைவான் தீவில் தோன்றிய அப்பானத்தின் உருண்டைகள் மரவள்ளி மாவால் ஆனவை. நம் ஜவ்வரிசியும் அக்கிழங்கின் மாவே. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசையிலிருந்து சரக்கு வருவது தடைப்பட்ட காலத்தில், 1943-ல் மாணிக்கம் செட்டியார் போன்றோர் முயற்சியால் சேலத்தில் குடிசைத் தொழிலாக அது தொடங்கியது. 2023-ல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. ஏகாதசி நோன்பில் நம் மராத்திய அண்டை வீட்டார் உண்ணும் சாபுதாணா கிச்சடி இருக்கிறதே, அதற்குரிய ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம் வட்டாரத்திலிருந்து வருவதே. நாம் இங்கு வந்ததுபோலவே அதுவும் வந்திருக்கிறது. இதை நான் சொன்னபோது பேரன் கைப்பேசியை வைத்துவிட்டுக் கேட்டான். அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

நல்ல கடையை அறிவது எவ்வாறு? வேகவைத்த உருண்டை சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆகவே, எப்போது வேகவைத்தது என்று கேளுங்கள்; விடை தயங்கினால் திரும்பிவிடுங்கள். இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். உருண்டை தொண்டையில் அடைத்துவிடக்கூடும். அம்ருத்துல்ய கடைக்கோ ஒரே சோதனைதான்: இஞ்சி இடிக்கும் ஒலி கேட்க வேண்டும்.

பேரனும் நானும் இப்போது முறை வைத்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு அவன் கடை. மறு ஞாயிறு என் கடை. 2023-ல் திறந்த போபோடி மெட்ரோ நிலையத்தில் ஏறி மாவட்ட நீதிமன்ற நிலையத்தில் மாறினால், 1935-ல் ஈரானியர் தொடங்கிய குட்லக் உணவகம் இருக்கும் டெக்கான் ஜிம்கானா பக்கம் எளிதில் போய்விடலாம். வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தேநீரில் தோய்த்து உண்ண அவனுக்கு நான் கற்பித்தேன். கடைசி உருண்டையைக் குழலில் பிடிக்கும் வித்தையை அவன் எனக்குக் கற்பிக்கிறான். இன்னும் எனக்குக் கைவரவில்லை.

பந்தலின் பின்புறமிருந்து ஏலக்காய் மணம் வருகிறது. விழாக் குழுவினர் காய்ச்சிய தேநீர் ஆறுமுன் அமர்கிறேன்.