தீராத சைனஸ் நோய்: அறுவை எப்போது, எவ்வாறு?

(விழா நாளில் திருநீர்மலையில் நிகழ்த்திய நல்வாழ்வு உரை)



திருநீர்மலை, பம்மல், பல்லாவரம் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கல்லுடைப்புத் தூசியும் சாலைப் புழுதியும் புதியவை அல்ல. மூக்கடைப்பு, முகபாரம், தொண்டையில் இறங்கும் சளி, மணம் அறியாமை ஆகியவற்றைத் 'தூசி ஒவ்வாமை' என்று சொல்லிப் பலர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். இவை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். சித்த மருத்துவம் பீனிசம் என வழங்குவது இதனையொத்த நோயே.

முக எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறு வாயில் வழியே மூக்கினுள் திறக்கிறது. வீக்கமோ சதை வளர்ச்சியோ அவ்வாயிலை அடைத்தால் சளி தேங்குகிறது.

அறுவை முதற்படி அன்று. உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பும் சில வாரங்கள் தவறாது நடைபெற வேண்டும். அதன் பின்னும் குணமில்லையெனில் எண்டோஸ்கோப்பும் சி.டி. ஸ்கேனும் வழிகாட்டும். ஒருபுறம் மட்டும் அடைப்போ இரத்தக் கசிவோ இருந்தால் காத்திராதீர்கள். மேற்பல் வேரின் சீழ், பூஞ்சை, அரிதாகக் கட்டியும் காரணமாகலாம்.

முற்காலத்தில் மேலுதட்டின் உட்புறம் கீறி, கன்னத்து எலும்பைத் திறந்து, நோயுற்ற சவ்வையே அகற்றினர். 1890களில் கால்டுவெல், லூக் ஆகியோர் வகுத்த முறை அது. பின்னர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் ஓர் உண்மையைத் தெளிவுறுத்தினார்: சவ்வின் நுண்மயிர்கள் சளியை இயற்கை வாயிலை நோக்கியே தள்ளுகின்றன, வேறிடத்தில் துளையிட்டாலும் அவை திசை மாறுவதில்லை. ஆகவே இயற்கை வாயிலைத் திறப்பதே அறுவையின் நோக்கமாயிற்று. 1985இல் கென்னடி என்பவர் இதற்குச் 'செயல்சார் எண்டோஸ்கோப்பி சைனஸ் அறுவை' எனப் பெயரிட்டார். முகத்தில் கீறல் இல்லை. மூக்குத் துளை வழியாகவே நடைபெறும்.

சதை வளர்ச்சி இல்லாத சிலருக்குப் பலூனால் வாயிலை விரிப்பது போதும். தடுப்புச்சுவர் வளைந்திருந்தால் அதையும் நேராக்குவர். மீண்டும் மீண்டும் நோயுறுவோர்க்கு நெற்றியறை வாயிலை அகலமாகக் குடையும் விரிவான அறுவையும், சதை வளர்ச்சிக்கு அண்மைக்கால உயிரியல் ஊசிகளும் உண்டு. ஊசிகளின் விலை மிகுதி.

கண்ணும் மூளையும் மெல்லிய எலும்புக்கு அப்பால் இருப்பதால் இடர் முற்றிலும் இல்லை எனல் தகாது; அது அரிது. அறுவை வாயிலைத் திறக்கும், ஒவ்வாமையை நீக்காது. எனவே கழுவலும் தெளிப்பும் தொடர வேண்டும். நிறுத்தினால் சதை மீண்டும் வளரக்கூடும். கழுவும் நீர் காய்ச்சி ஆறியதாக இருத்தல் கட்டாயம். நம் இல்லங்களுக்கு அது புதிய வழக்கமன்று.

நம்மவர்க்கென இரண்டு சொற்கள். அறுவைக்குப்பின் மூக்கினுள் வைக்கும் கரையும் பஞ்சுகள் சில விலங்குப் பொருளான ஜெலட்டினால் ஆனவை. செயற்கைப் பொருளால் ஆனவையும் உள்ளன. முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பு நாள்களில் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். வேளையை மாற்ற வழியுண்டா என ஆலோசியுங்கள்.

கண் வீக்கம், பார்வை மங்கல், கடுந்தலைவலியுடன் காய்ச்சல், நீரிழிவு உடையோர்க்குக் கருநிறச் சளி: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பொறுமை நற்பண்பு, நோயை வளரவிடும் பொறுமை அவ்வகையைச் சேர்ந்ததன்று.