வழுக்கையாற்றின் கரையோரமாக

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு உண்டா என்று மாணவரை வினவினால், தொண்டைமானாறு என்று உடனே விடை வரும். பெயரளவில் அது ஆறுதான். இயல்பிலோ அது கடல்நீரேரி. ஆறு என்னும் பெயர் பொருந்துவது, மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வழுக்கையாற்றுக்கே.

தெல்லிப்பழை, அளவெட்டிப் பகுதிகளில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலிப் பக்கத்தில் கடல்நீரேரியை அடைகிறது இவ்வாறு. அதன் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். மலையில் பிறவாத இவ்வாற்றுக்குக் குளங்களிலும் வயல்களிலும் நிரம்பி வழியும் மழைநீரே பிறப்பிடம்.

கார்த்திகை மாதத்துக் காலைப்பொழுதொன்றில் இதன் கரையோரமாக நடந்து பாருங்கள். நெல்வயல்களும் பனை வரிசைகளும் கொக்குக் கூட்டமும் உடன்வரும். கந்தரோடையை அணுகும்போது, 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் அகழ்ந்து ஆராய்ந்த பௌத்தச் சின்னங்களையும் காணலாம். பண்டை மக்கள் நீர்வளம் கண்டே குடியிருப்பு அமைத்தனர் என்பதை ஏட்டில் படிப்பதினும் அங்கே நின்று உணர்வது எளிது.

ஆடி மாதத்தில் அதே வழியே நடப்பீராயின், வெடித்த தரையே எஞ்சியிருக்கும். நீர் எங்கே போயிற்று? ஒரு பகுதி கடலை அடைந்தது. ஒரு பகுதி ஆவியாயிற்று. மற்றொரு பகுதி நிலத்தினுள் இறங்கியது. நம் காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல் துளைகளும் பிளவுகளும் நிறைந்தது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறும், கடலருகே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் அதற்குச் சான்று. சுலோவீனியா நாட்டில் இரேக்கா என்னும் ஆறு சுண்ணாம்புக் குகையுள் புகுந்து மறைகிறது. அதனைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். நம்மூர் ஆற்றின் மறைவு அத்துணைப் பகட்டில்லாதது. ஆயினும் நம் கிணறுகளின் வாழ்வு அதனோடு பிணைந்தது.

நன்னீர் கடல்நீரிலும் இலேசானது. ஆதலின் நிலத்தடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நூலோர் கணக்கு. அவ்வோர் அடி குறைந்தால், காலப்போக்கில் உவர்நீர் அதே அளவில் மேலேறும். அராலித் தடுப்பணை கடல்நீர் ஆற்றினுள் ஏறாவண்ணம் காக்கிறது. ஆனால் வாய்க்காலை மண்ணிட்டு நிரப்பி, குளத்தைக் குப்பை கொட்டும் இடமாக்கினால், மழைநீர் தங்கி நிலத்துள் இறங்குவது எவ்வாறு?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரை மாரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் இக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை இருமுறையும் கயிறிட்டு அளந்து, குறித்துவைக்கச் செய்யுங்கள். ஆறு எங்கே போயிற்று என்பதற்குரிய விடையை அவ்வளவைக் கொண்டு அவர்களே தேடட்டும்.