பாட்டா குடம் அடிக்கிறதை டிவியில காட்டின கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எடுத்து, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியது.)

இன்னைக்கு ஒரு வீட்டு வேலையைப் பத்திப் பேசப் போறேன். கம்ப்யூட்டர்ல இருக்கிற வீடியோவை வயர் இல்லாம டிவியில எப்படிப் பாக்கிறது. கேக்க அஞ்சு நிமிஷ வேலை மாதிரி இருக்கும். எனக்குப் பொங்கல் லீவு நாலு நாளும் இதுலயே போச்சு.

நமக்கு ஊரு நாஞ்சில் நாடு. சுசீந்திரத்துக்கும் தோவாளைக்கும் நடுவுல, வயலுக்குள்ள ஒரு ஊர். எங்க பாட்டா வில்லுப்பாட்டு செட்டுல குடம் அடிக்கிறவர். பாடுற புலவர் இல்ல, பெரிய பேரெல்லாம் கிடையாது. கொடை வந்தா சுடலைமாடன் கோயில், முத்தாரம்மன் கோயில்னு ராத்திரி முழுக்க வில்லுக்குப் பக்கத்துல உக்காந்து குடம் அடிப்பார். அவ்வளவுதான். 1998-ல இறந்துட்டார். எனக்கு அவர் முகம் போட்டோவுல பாத்த ஞாபகம்தான்.

1993-ல எங்க ஊர் கொடைக்கு, கல்ஃப்ல இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் வீடியோ கேமரா கொண்டு வந்திருக்கார். குமரி மாவட்டத்துல பாதி வீட்டு நினைவுகள் இப்படித்தான் பதிவாகியிருக்கு. வளைகுடாவுல இருந்து லீவுக்கு வந்த ஒருத்தர் தோள்ல கேமரா இருந்ததால. அந்த வி.ஹெச்.எஸ். டேப்பை 2009-ல அப்பா நாகர்கோவில்ல ஒரு கடையில கொடுத்து டிவிடி ஆக்கி வச்சார். டேப் அப்புறம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. மிச்சம் அந்த ஒரு டிவிடிதான். 52 நிமிஷம். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த டிஸ்க்கோட ஓரம் உரிய ஆரம்பிச்சதைப் பாத்து, பதறிப்போய்க் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணேன்.

பாட்டிக்கு இப்போ 86 வயசு. கண்ணுல புரை எடுத்தாச்சு, ஆனா போன் திரையில ஒண்ணும் தெரியாது. கையும் நடுங்கும். "எனக்கு அந்தச் சின்னக் கண்ணாடி வேண்டாம் மக்கா. டிவியில போடு"ன்னாங்க. முன்னறையில 43 இன்ச் டிவி சும்மா சீரியல் ஓட்டிக்கிட்டு இருக்கு.

உடனே நீங்க கேப்பீங்க, பென் டிரைவ்ல போட்டு டிவியில குத்தினா தீர்ந்துச்சேன்னு. நியாயமான கேள்வி. ஒரே ஒரு வீடியோ, ஒரே ஒரு தடவைன்னா அதைத்தான் செய்யணும். நான் இன்னைக்குச் சொல்ற எதுவும் தேவையே இல்ல. நாங்களும் அதைத்தான் முதல்ல செஞ்சோம். ஆனா எங்க டிவி சுவத்துல உயரத்துல மாட்டியிருக்கு, யு.எஸ்.பி. ஓட்டை பின்னாடி. நான் சென்னைக்குத் திரும்பின பிறகு, 68 வயசு அப்பா ஸ்டூல் மேல ஏறி, கையைப் பின்னாடி விட்டுத் துழாவி, ஸ்டூல் ஆடிக் கீழ வந்துட்டார். நல்ல காலம், சோபாவுல விழுந்தார். அம்மா போன்ல என்னைத் திட்டின திட்டை இங்க சொல்ல முடியாது. அதனாலதான் இந்தப் பொங்கலுக்குப் போகும்போது முடிவு பண்ணேன்: ரிமோட்டைத் தவிர யாரும் எதையும் தொடக் கூடாது.

அடுத்த யோசனை, போன் திரையை அப்படியே டிவிக்கு அனுப்புறது. ஸ்க்ரீன் மிரரிங். மிராகாஸ்ட்னு ஒரு முறை, 2012-ல வந்தது. இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். மிரரிங்னா நாம கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற மாதிரி. போன்ல என்ன நடக்குதோ அது டிவியில தெரியும். போன் வந்தா அதுவும் தெரியும், திரையை அணைச்சா படமும் போச்சு. பாட்டா குடத்தைத் தூக்கி வைக்கிற நேரத்துல என் மேனேஜர் மெசேஜ் முன்னறைச் சுவத்துல வந்து நின்னுது. பாட்டி, "இது ஆருடே?"ன்னு கேட்டாங்க.

ஸ்ட்ரீமிங் வேற. அதுல கம்ப்யூட்டர் ஒரு அலமாரி மாதிரி சும்மா இருக்கும். டிவியே போய், லிஸ்டைப் பாத்து, வேண்டியதை எடுத்துக்கும். இதுக்கு வழக்கமா இருக்கிற ஏற்பாட்டுக்குப் பேரு டி.எல்.என்.ஏ. 2003-ல சோனி, இன்டெல் மாதிரி கம்பெனிகள் சேர்ந்து ஆரம்பிச்ச கூட்டமைப்பு. 2017-லயே அதைக் கலைச்சுட்டாங்க. ஆனா அவங்க போட்ட விதிகள் இன்னும் நிறைய டிவிக்குள்ள இருக்கு. உங்க டிவியில சோர்ஸ் பட்டனையோ மீடியா பிளேயரையோ தட்டிப் பாருங்க, கம்ப்யூட்டர் பேரு அங்க வரலாம்.

எப்படி வேலை செய்யுதுன்னா, சந்தையில நின்னு சத்தம் போடுற மாதிரி. டிவி வீட்டு நெட்வொர்க்குக்குள்ள 239.255.255.250-ங்கிற பொது விலாசத்துக்கு ஒரு செய்தி அனுப்பும்: படம், பாட்டு வச்சிருக்கவங்க யாராவது இருக்கியளா? கம்ப்யூட்டர் "நான் இருக்கேன்"னு பதில் சொல்லும். அப்புறம் எல்லாம் ஒரு வெப்சைட்ல இருந்து ஃபைல் எடுக்கிற அதே கதைதான். விண்டோஸ்ல "மீடியா ஸ்ட்ரீமிங் ஆப்ஷன்ஸ்"னு கன்ட்ரோல் பேனல்ல தேடினா இதை ஆன் பண்ணலாம். காசு கிடையாது.

ஆன் பண்ணேன். டிவியில ஒண்ணும் வரல.

இங்கதான் ரெண்டு நாள் போச்சு. முதல் காரணம் சின்னது. விண்டோஸ் எங்க வீட்டு வைஃபையைப் "பப்ளிக்"னு நினைச்சு வச்சிருந்தது. காபிக் கடையில உக்காந்திருக்கோம்னு நினைச்சு யாருக்கும் பதில் சொல்லாம வாயை மூடிக்கிட்டு இருந்தது. அதைப் "பிரைவேட்"னு மாத்தினேன். அப்பவும் வரல.

ரெண்டாவது காரணம் எங்க வீட்டுச் சுவர். பழைய வீடு. நெல்லு போட்டு வைக்கிற அறப்புரையைத்தான் அப்பா கம்ப்யூட்டர் ரூமா வச்சிருக்கார். பத்தாயம் இருந்த இடத்துல மேஜை. சுவர் ஒரு முழத்துக்கு மேல கனம். ஃபைபர் நெட் பெட்டி நடுவுல இடைநாழியில இருக்கு. முன்னறைக்கு சிக்னல் எட்டலன்னு அப்பா இன்னொரு ரவுட்டர் வாங்கி, பெட்டியில இருந்து ஒரு வயர் இழுத்து மாட்டியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனா அந்த ரெண்டாவது ரவுட்டர் தனியா விலாசம் கொடுக்க ஆரம்பிச்சிருந்தது. கம்ப்யூட்டரோட விலாசம் 192.168.0-ல தொடங்குது, டிவியோடது 192.168.1-ல. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு தெரு. டிவி போடுற சத்தம் தன் தெருவை விட்டு வெளிய போகாது. இன்டர்நெட் ரெண்டு பக்கமும் ஜோரா வரும், அதனால எதுவும் தப்புன்னே தோணாது. உங்க வீட்டுல ரெண்டு ரவுட்டர் இருந்து, கம்ப்யூட்டரும் டிவியும் ஒண்ணை ஒண்ணு பாக்கலன்னா, வேற எதையும் நோண்டாதீங்க. முதல்ல ரெண்டோட ஐ.பி. விலாசத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. எனக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா நான் போகி அன்னைக்காவது வெளிய போயிருப்பேன்.

ரெண்டாவது ரவுட்டரை "அக்சஸ் பாயின்ட்" மோடுக்கு மாத்தினேன். அதாவது விலாசம் கொடுக்கிற வேலையை விட்டுரு, சிக்னலை மட்டும் பரப்புன்னு. கெஸ்ட் வைஃபையில இருந்தாலும் இதே பிரச்சினை வரும், அதையும் பாத்துக்கோங்க.

டிவியில "கம்ப்யூட்டர்"னு ஒரு படம் வந்துச்சு பாருங்க, அப்பா எந்திரிச்சு நின்னுட்டார்.

அடுத்து, வயர். தலைப்புல வயர் இல்லாமன்னு சொல்லிட்டு வயரைப் பத்திப் பேசுறானேன்னு நினைக்காதீங்க. கம்ப்யூட்டரும் வைஃபை, டிவியும் அதே பெட்டியோட வைஃபைன்னா, ஒரே படம் காத்துல ரெண்டு தடவை போகணும். கம்ப்யூட்டர்ல இருந்து பெட்டிக்கு ஒரு தடவை, பெட்டியில இருந்து டிவிக்கு ஒரு தடவை. 20 எம்.பி.பி.எஸ். படத்துக்கு 40 ஆகுது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பக்கத்து வீட்டு சிக்னலும் சேர்ந்தா, நல்ல பிரின்ட் படம் திக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா எங்க வீட்டுக் கனச் சுவரைத் தாண்டாது. அதனால 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, அறப்புரையில இருந்து இடைநாழிக்கு இழுத்துட்டேன். கடைசி கொஞ்ச தூரம், முன்னறைக்குள்ள மட்டும் காத்து. டிவி ஒரே ரூம்ல இருக்கிறதால 5 கிகாஹெர்ட்ஸ் போதும். பாட்டாவோட வீடியோ டிவிடி தரம், 5 எம்.பி.பி.எஸ்.தான், அதுக்கு இவ்வளவு தேவையில்ல. ஆனா அப்பா மத்த படமும் பாப்பாரே.

அப்புறம் ஃபைல். டிவிடியில இருந்து அப்படியே எடுத்த வி.ஓ.பி. ஃபைல் ஒரு ஜி.பி.க்கு ஒரு துண்டா இருக்கும். கதை பாதியில நின்னு, அடுத்த துண்டை நாமளே போடணும். அது மட்டுமில்ல, பழைய வீடியோ ஒரு கோடு விட்டு ஒரு கோடுன்னு ரெண்டு தவணையா வரையும். பழைய டப்பா டிவியில தெரியாது. இப்போ உள்ள டிவியில வேகமா அசையுற இடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி பிசிறு அடிக்கும். புலவர் வீசுகோலை வீசி வில்லுல அடிக்கிறார், கையே தெரியல, சீப்புதான் தெரியுது. ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல "டீஇன்டர்லேஸ்" போட்டு, ஹெச்.264, ஏ.ஏ.சி. ஆடியோவோட ஒரே எம்.பி.4 ஆக்கினேன். இது ரெண்டும் இருந்தா அனேகமா எந்த டிவியும் முரண்டு பிடிக்காது. படம் ஓடுது, சத்தம் மட்டும் வரலன்னா ஆடியோ டி.டி.எஸ்.ஸான்னு பாருங்க. நிறைய டிவி அதுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்காது. ஒரிஜினல் வி.ஓ.பி.யை அழிச்சிராதீங்க, ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வையுங்க. அதுதான் மூலம்.

ஜெல்லிஃபின் போடலாமேன்னு கேக்கிறவங்களுக்கு: போடலாம், அருமையானது. 2018 டிசம்பர்ல எம்பியில இருந்து பிரிஞ்சு வந்த, முழுக்க இலவச சர்வர். டிவிக்குப் புரியாத ஃபைலை ஓடும்போதே மாத்திக் கொடுக்கும். ஆனா எங்க அப்பாவோட கம்ப்யூட்டர் பழசு, அந்த வேலைக்கு மூச்சு வாங்கும். நான் பொதுவா என்ன நினைக்கிறேன்னா, அம்மா அப்பா வீட்டுல வைக்கிற எதுவும் நாம இல்லாதப்போ தானா ஓடணும். அழகா போஸ்டர் காட்ட வேண்டியதில்ல. ஃபோல்டர் பேரு எல்லாத்தையும் தமிழ்ல வச்சேன், "கொடை 1993", "அக்கா கல்யாணம்". அதுவே அப்பாவுக்குப் பெரிய உதவி. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வந்தா ஃபைலை யு.டி.எஃப்.-8-ல சேவ் பண்ணுங்க.

ஒரு துணுக்கு. நம்ம எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்கிற வி.எல்.சி. பிறந்ததே இந்த வேலைக்குத்தான். 1996-ல பாரிஸ் பக்கம் ஒரு எஞ்சினியரிங் காலேஜ் பசங்க, காலேஜ் நெட்வொர்க்குல வீடியோ அனுப்பணும்னு ஆரம்பிச்ச புராஜெக்ட்.

இதுல எதுக்கும் இன்டர்நெட் வேண்டாம். இது எங்க ஊர்ல முக்கியம். 2017 நவம்பர் 30, ஒக்கி அடிச்சப்போ கரண்டு கம்பம் எல்லாம் சாஞ்சு, எங்க ஊரே நாள்கணக்குல இருட்டுல கிடந்தது. அந்த மாதிரி நேரத்துல டிவியே ஓடாது, சரி. ஆனா காத்து மழைக்கு ஃபைபர் மட்டும் அறுந்து கிடக்கிற நாள் வருஷத்துல எத்தனையோ இருக்கு. பெட்டியில கரண்டு இருந்தா வீட்டுக்குள்ள படம் ஓடும். அதே மாதிரி, வெளியூர்ல இருந்து பாக்கணும்னு ஆசைப்பட்டு ரவுட்டர்ல போர்ட்டைத் திறந்து வச்சிராதீங்க. டி.எல்.என்.ஏ.வுல பெரும்பாலும் பாஸ்வேர்டே கிடையாது.

சரி, பாட்டிக்கு வருவோம். மாட்டுப்பொங்கல் சாயந்தரம் போட்டோம். நான் பாட்டாவைப் பாத்து அழுவாங்கன்னு நினைச்சேன். அவங்க பாட்டாவைக் கவனிக்கவே இல்ல. பின்னாடி நிக்கிற கூட்டத்தைத்தான் பாக்காங்க. "அந்தா நிக்கால்லா பச்சைச் சேலை, அவதான் நம்ம வடக்குவீட்டுக்காரி. அந்தப் பந்தல் ஆருக்க காசுன்னு நினைச்ச?" முப்பது வருஷத்துக்கு முந்தின ஊர் வம்பு முழுக்க வந்துச்சு. பாதிப் பேர் இப்போ இல்ல. இருபது நிமிஷம் கழிச்சுத்தான், "உங்க பாட்டாவுக்க கை அன்னைக்கே நடுங்குது பாரு. எங்கிட்ட சொல்லவே இல்ல"ன்னாங்க. அப்புறம் பேசல. நாகர்கோவில் ரேடியோவுல வில்லுப்பாட்டு வந்தா கேப்பாங்களாம். இந்தியாவோட முதல் உள்ளூர் வானொலி நிலையம், 1984-ல நாகர்கோவில்ல வந்ததுதான். ஆனா ரேடியோவுல பாட்டா வந்ததில்ல.

நான் சென்னை வந்த மூணாம் நாள் அப்பா போன். "கம்ப்யூட்டர் செத்துப்போச்சுடே, டிவியில காணும்." சாகல, தூங்கியிருக்கு. ஸ்லீப் மோடு. அதை "நெவர்"னு மாத்தணும்னு எனக்கே தோணல. போன்லயே சொல்லி மாத்த வச்சேன்.

அந்த வீடியோவுல ஒரு குறை உண்டு. வில்லுப்பாட்டு முடியும்போது கடைசியில வாழி பாடுவாங்க. அதுக்கு முன்னாடியே டேப் தீர்ந்திருக்கு. புலவர் வாயைத் திறக்கிறார், திரை நீலமாயிரும். இப்போ சாயந்தரம் நாலு மணிக்கு அப்பா போட்டு விடுவாராம். திரை நீலமானதும் பாட்டி உக்காந்த இடத்துலயே மிச்ச வாழியைப் பாடி முடிப்பாங்களாம். போன வாரம் அப்பா அதைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பினார். ரெண்டு நிமிஷம், நடுவுல அம்மா மிக்ஸி ஓட்டுற சத்தம். "இதை அந்த ஃபோல்டர்ல எப்படிடே போடது?"ன்னு கேட்டார். "கொடை 1993 - 2"ன்னு பேரு வச்சுப் போடச் சொல்லியிருக்கேன்.