குடல் நோய் பிள்ளைக்கும் வருமா?



"எனக்குள்ள குடல் வியாதி என் பிள்ளைக்கும் வருமோ?" என்பது பல தாய்மாரின் கவலை.

1928-இல் டாக்டர் சௌரி முத்து சானடோரியம் நிறுவிய தாம்பரத்தில், காசநோய்ப் பயம் நமக்குப் பழக்கமானது. குடல் காசநோயும் க்ரோன் நோயும் ஒன்றுபோலத் தோன்றும்: வயிற்றுவலி, பேதி, மெலிவு. ஆனால் காசநோய் கிருமியால் வருவது, மருந்தால் குணமாகும். க்ரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் தொற்றுவதில்லை. ஆகையால் தட்டையும் டம்ளரையும் பிரித்துவைக்க வேண்டியதில்லை. இவற்றை முற்றிலும் நீக்க முடியாவிட்டாலும் மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

பரம்பரைக்கு ஓரளவு பங்குண்டு. மேல்நாட்டு ஆய்வுகளின்படி, பெற்றோரில் ஒருவருக்கு க்ரோன் நோய் இருந்தால் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கும், கொலைட்டிஸ் இருந்தால் சுமார் 2 பேருக்கும் அது வரலாம். பெற்றோர் இருவருக்கும் இருந்தால் 30 பேருக்கும் மேல் வரக்கூடும். ஒருவருக்கு மட்டும் எனில், பெரும்பாலான பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே இதற்காகத் திருமணத்தைத் தடுக்க வேண்டாம். நோயை மறைக்கவும் வேண்டாம். கர்ப்பமானதும் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. நோய் தலைதூக்கினால் குழந்தைக்கே ஆபத்து. மருத்துவரைக் கேளுங்கள். பிள்ளைக்கு மலத்தில் இரத்தம் போனாலோ, வளர்ச்சி குன்றினாலோ உடனே அழைத்து வாருங்கள்.

உங்கள் சபையில் பயந்திருக்கும் குடும்பத்தாருக்கு இதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.