போட்டுப் பார்த்தால் புரியும்!



"கல்லூரியில் முதலாண்டு இயற்பியலைத் தாண்ட வைப்பது மூளையா, முயற்சியா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "இயற்பியல் எல்லாருக்கும் வராதுங்க. அது பிறவியிலேயே இருக்கணும். சர் சி.வி. ராமனுக்கு இருந்துச்சு. நமக்கு இல்லை." சொல்லிவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நடுவர் அவர்களே, அந்த ராமனையே நான் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 1907-ல் அவர் கல்கத்தாவுக்குப் போனது விஞ்ஞானியாக அல்ல, நிதித்துறை அதிகாரியாக. காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் ஆய்வுக்கூடம். மாலையில் ஆபீஸ் விட்டதும் மறுபடியும் ஆய்வுக்கூடம். இப்படியே ஏறக்குறையப் பத்து வருஷம்! 1917-ல்தான் பேராசிரியர் ஆனார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. மூளை மட்டும் போதும் என்றால் அந்த மனுஷன் வீட்டு ஈஸிசேரில் சாய்ந்துகொண்டே பரிசு வாங்கியிருக்கலாமே? (கைதட்டல்)

சரி, எதிரணியில் ஒரு தாய் உருக்கமாகக் கேட்டார்கள்: "என் பையன் ராத்திரி 2 மணி வரைக்கும் படிச்சாங்க. அப்பவும் பெயில். அது முயற்சி இல்லையா?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் முதலாண்டில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். முதல் தேர்வில் 50-க்கு 9. என்னிடம் வந்து நின்றாள். "மிஸ், எனக்கு இது மண்டையில ஏறாது. அப்பா தறிக்கே வந்துடுன்னு சொல்லிட்டாரு."

நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். முத்து முத்தான எழுத்து. சிவப்பு மையில் அடிக்கோடு. கரும்பலகையில் நான் போட்ட கணக்கு ஒன்று விடாமல் இருக்கிறது. "எல்லாம் சரிம்மா, நீ போட்ட கணக்கு எங்கே?" என்றேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "இதுல இருக்கிறது எல்லாமே நீங்க போட்டதுதானே மிஸ்" என்றாள்.

அங்கேதான் நோய் இருக்கிறது, நடுவர் அவர்களே! ராத்திரி 2 மணி வரை அடுத்தவர் போட்ட கணக்கைப் படிப்பது, கிணற்று மேட்டில் நின்று நீச்சலைப் பார்ப்பது மாதிரி. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டாவது குதித்தால்தானே நீச்சல் வரும்? (கைதட்டல்)

இயற்பியலில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் தலை காலியாக இருப்பதில்லை. ஏற்கெனவே ஒரு தப்பான இயற்பியல் அங்கே குடியிருக்கிறது! ஒரு கல்லை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் முடுக்கம் எவ்வளவு? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "சுழி" என்பார்கள். வேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் அந்தக் கல் திரிசங்கு மாதிரி அங்கேயே தொங்கிக்கொண்டு இருக்க வேண்டுமே! அங்கேயும் அதே 9.8தான். பூமி அந்த ஒரு கணத்துக்கு லீவு போடவில்லை. (சிரிப்பு)

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற தடுமாற்றம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம். எரிக் மசூர் என்ற பேராசிரியர். நன்றாக நடத்துகிறார் என்று பெயர் வாங்கியவர். 1990-ல், மிக எளிய அடிப்படைக் கேள்விகளைத் தம் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். லாரியும் காரும் மோதினால் எதன் மீது விசை அதிகம் என்பது போன்ற கேள்விகள். இரண்டின் மீதும் சம விசைதான், நியூட்டனின் மூன்றாம் விதி. கடினமான கணக்கெல்லாம் போட்ட பிள்ளைகள் இதில் தடுமாறினார்கள். ஒரு மாணவி கேட்டாளாம், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று!

மசூர் முறையை மாற்றினார். கேள்வி கேட்பார். முதலில் தானே யோசிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும். 1998-ல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 6,542 மாணவர்களின் கணக்கை வெளியிட்டார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகள், முன்பு தெரியாமல் இருந்ததில் சராசரியாக நூற்றுக்கு 23 பங்கைக் கற்றன. மாணவர்களே செய்தும் பேசியும் படித்த வகுப்புகள் 48 பங்கு! பிள்ளைகளின் மூளையை யாரும் மாற்றவில்லை. முயற்சியின் விதத்தைத்தான் மாற்றினார்கள். (பலத்த கைதட்டல்)

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது நாலே நாலு. கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடாதே, படம் போடு. எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கிறார்களோ அதன் மேல் என்னென்ன விசை என்று அம்புக்குறி போடு. விடை வந்ததும் அலகைப் பார். தூரம் கேட்டால் விநாடியில் விடை வரக் கூடாது. கடைசியாக, பக்கத்து மாணவிக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டு. சொல்ல முடியவில்லையா? இன்னும் உனக்குப் புரியவில்லை, திரும்பிப் போடு.

ஒருநாள் ஒரு கணக்கோடு வந்தாள். பஸ் மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது, அதாவது விநாடிக்கு 10 மீட்டர். பிரேக் போட்டால் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் குறைகிறது. 10 மீட்டரில் நிற்கும். வேகம் 72 ஆனால்? "20 மீட்டர்னு நினைச்சேன் மிஸ். போட்டுப் பார்த்தா 40 வருது! வேகம் ரெண்டு மடங்கானா, நிக்கிற தூரம் நாலு மடங்கு. எங்க அண்ணன் பைக்கை விரட்டுறான், இன்னிக்கே அவன்கிட்ட சொல்லணும்." அந்தச் சூத்திரம் அவளுக்குப் பள்ளியிலேயே மனப்பாடம். அன்றைக்குத்தான் அது அவளுக்குச் சொந்தமானது.

அடுத்த தேர்வில் 50-க்கு 24. இது என்ன பெரிய மார்க்கா என்று கேட்காதீர்கள். அந்த 24-ஐக் காட்டித்தான் அவள் அப்பாவிடம் இன்னும் ஒரு பருவம் கேட்டு வாங்கினாள். இன்றைக்கு ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. (கைதட்டல்)

பெற்றோர்களே, "நம்ம பரம்பரைக்கே கணக்கு வராது" என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள். மார்க் குறைந்தால் திட்டுவதற்கு முன்னால், "இன்னிக்கு நீயா எத்தனை கணக்கு போட்ட கண்ணு?" என்று கேளுங்கள். எதிரணி சொல்வதை நம்பியிருந்தால் அந்தப் பெண் அன்றைக்கே தறிக்குப் போயிருப்பாள். ஆகவே, வெல்ல வைப்பது முயற்சியே என்று நடுவர் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும்.