தெருவுக்குத் தெரிகிற பக்கம்

(ஷஅபான் மாதக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ரமளான் நெருங்கிவிட்டது. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் போன வருடத்து வரவு செலவை வாசிப்போம். எத்தனை குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தோம், எத்தனை பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்டினோம் என்று சொல்வோம். நீங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு எழுந்து போவீர்கள். கணக்கு அச்சாகி வாசலில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் வராத ஒன்றைத்தான் இன்று சொல்லப்போகிறோம். அது போன ரமளானில் நாங்கள் செய்த தவறு.

சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கித்தான் பேசுகிறோம். எந்தத் தெரு, எந்த வீடு என்று யாரும் யோசிக்க வேண்டாம். யோசித்தாலும் கிடைக்காதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறோம். (இதைச் சொல்லும்போதே முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் நம்மைத் தடுத்திருப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.)

ஒவ்வொரு வருடமும் ரமளானுக்கு முன் இரண்டு பட்டியல் போடுவோம். வாங்க வேண்டியவர்கள் ஒன்று, கொடுக்கக்கூடியவர்கள் ஒன்று. வாங்க வேண்டியவர்கள் வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் போகும். கொடுக்கக்கூடியவர்கள் வீட்டுக்கு ஜகாத் கவர் போகும். பட்டியலை யார் போடுவது? கமிட்டியில் ஐந்து பேர் உட்கார்ந்து, தெருத் தெருவாக வீடுகளை மனக்கண்ணில் ஓட்டிப் போடுவோம். ஓட்டு வீடா, மாடி வீடா, வாசலில் வண்டி நிற்கிறதா என்று பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து டீ வந்துவிடும்.

அப்படித்தான் ஒரு மாடி வீடு கொடுக்கக்கூடியவர்கள் பட்டியலில் ஏறியது. வீட்டுக்காரர் பல வருடம் வளைகுடாவில் இருந்தவர். முன்சுவர் முழுக்க டைல்ஸ் பதித்த வீடு. பெயரைச் சொன்னதும், "அவருக்கென்ன, சவூதிப் பணம்" என்று ஒருவர் சொன்னார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். கவரும் போனது, திரும்பியும் வந்தது. பிரித்தபோது உள்ளே நூறு ரூபாய் இருந்தது. அதுவும் பத்துப் பத்து ரூபாய் நோட்டுகளாக. "மாடி வீட்டு ஜகாத் இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நாமும் சிரித்தோம்.

இது நடந்து பத்து நாள் இருக்கும். நம் மோதினாரைப் பற்றி ஒரு புகார் வந்தது. அஸருக்குப் பின்தான் நோன்புக் கஞ்சி ஊற்றுவது வழக்கம். அதற்கு முன்பே அவர் தினமும் ஒரு பெரிய தூக்கில் கஞ்சியை மொண்டு பின்வாசல் வழியாகக் கொண்டுபோகிறார் என்பதுதான் புகார். எழுதியவர் நாலு நாள் கவனித்து எழுதியிருந்தார். மோதினாரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் முகம் கொடுத்துப் பேசுகிறவர் அல்ல. பிள்ளைகள் ஹவுளில் கால் நனைத்து விளையாடினால் துண்டை உதறிக்கொண்டு ஓடி வருவார். செருப்பை வரிசையாக விடாவிட்டால் கமிட்டித் தலைவருக்கும் ஏச்சு உண்டு. அவரை மாற்ற வேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு தடவை பேச்சு அடிபட்டிருந்தது. இப்போது வசதியாக ஒரு காரணமும் கிடைத்தது.

அலுவலகத்துக்குக் கூப்பிட்டோம். உட்காருங்கள் என்றுகூடச் சொன்னதாக நினைவில்லை. "கஞ்சி எடுத்தது உண்மையா?" என்று கேட்டோம். "எடுத்தேன்" என்றார். "யாருக்கு?" பதில் இல்லை. "உங்க வீட்டுக்கா?" அதற்கும் இல்லை. அவர் திருடினார் என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கேட்ட விதத்தில் அது இருந்தது. நாளையிலிருந்து எல்லாருக்கும் ஊற்றும்போதுதான் அவருக்கும் என்று தீர்மானமாகச் சொல்லி அனுப்பினோம். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று தராவீஹ் முடிந்து எல்லாரும் போன பிறகு, விளக்கை அணைக்க வந்தவர் நம் பக்கத்தில் நின்றார். "தம்பி, நீங்க படிச்ச ஆளு. அந்த மாடி வீட்டிலிருந்து ஜகாத் கவர் வந்துச்சே, அதுல எவ்வளவு இருந்துச்சு?" என்றார்.

"நூறு ரூபாய்."

"எல்லாம் பத்து ரூபாய்த் தாளா?"

ஆமாம் என்றோம். "யாரு வீட்டுல தம்பி பத்து ரூபாய்த் தாளாச் சேர்த்து வைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலை அந்த வீட்டுக்கு நம் துணைவியாரை அனுப்பினோம், பிறகு நாமும் போனோம். தெருவுக்குத் தெரிகிற பக்கம் மட்டும்தான் டைல்ஸ். உள்ளே பூச்சு வேலையே முடியவில்லை. மாடிக்குக் கதவு கிடையாது, படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது. ஒருவேளை நீங்கள் கேட்பீர்கள், மாடியை வாடகைக்கு விடலாமே என்று. நாமும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனோம். அங்கே குடிவைக்க முடியாது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வேலை போய் ஊருக்கு வந்தே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். பஸ் செலவுக்கும், வெளியில் வாங்கும் மருந்துக்கும் காசில்லாத வாரங்களில் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். அதை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா தையல் மிஷினில் ரவிக்கை தைத்தும், கிழிந்த துணி தைத்தும் குடும்பம் நடத்துகிறார். தையலுக்கு வருகிற பத்து ரூபாய்கள்தான் நம் கவரில் இருந்தவை.

ரமளான் ஆரம்பத்தில் மூத்த பையனைத் தூக்கோடு கஞ்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊற்றிக்கொண்டிருந்த நம் தொண்டர் ஒருவர், "உங்க வீட்டு சைஸுக்குத் தூக்கும் பெரிசா இருக்கே" என்று தமாஷ் பண்ணியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நல்ல பிள்ளைதான். ஆனால் பையன் அடுத்த நாள் முதல் வரவில்லை. வரிசையில் அவனைக் காணோம் என்று கவனித்தது மோதினார் ஒருவர்தான். அவருக்கு அதற்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. செருப்பு வைக்கும் இடத்தைத் தினம் கூட்டுகிறவர் அல்லவா? யார் செருப்பு எத்தனை தடவை தைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்காரர் சில ஜும்ஆக்களில் நாற்காலியில் அமர்ந்து தொழுததை நாங்களும் பார்த்தோம். பிறகு அவரைக் காணாததையும் பார்த்தோம். நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் மீதுள்ள கடமை என்பது மதரஸாவில் ஓதிய பாடம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரிடம் "என்ன செய்யுது உடம்புக்கு?" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சவூதிப் பணம் என்று ஒரு தடவை மனதில் எழுதிவிட்டோம், அதற்கு மேல் அந்த முகத்தைப் படிக்கவில்லை.

ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் தாமே சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு, மக்கள் நடமாடும் வழியில் உட்கார்ந்திருந்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் வந்தபோது குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றி விளக்கம் கேட்டார்கள். விளக்கமா வேண்டியிருந்தது? பேச்சுக் கொடுத்தால் வீட்டுக்கு அழைத்துப் போய் ஏதாவது தருவார்கள் என்ற எண்ணம்தான். அபூபக்கர் (ரலி) பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உமர் (ரலி) அவர்களும் அப்படியே. பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். அபூஹுரைராவின் முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள். மனதில் இருப்பதைப் புரிந்துகொண்டு தம்மோடு அழைத்துச் சென்றார்கள். வீட்டில் ஒரு கோப்பைப் பால்தான் இருந்தது. அதையும் திண்ணைத் தோழர்கள் எல்லாரையும் அழைத்துவரச் சொல்லிக் குடிக்க வைத்து, பிறகு அபூஹுரைராவைக் குடிக்கச் சொல்லி, கடைசியாகத் தாம் அருந்தினார்கள்.

இந்த ஹதீஸைப் பலமுறை பயானில் கேட்டிருப்போம். பால் பெருகிய அற்புதத்தோடு நாம் நிறுத்திவிடுவோம். அபூபக்கருக்கும் உமருக்கும்கூட அந்த முகத்தில் பசி தெரியவில்லை என்கிற இடத்தில் நாம் நிற்பதில்லை. அவர்களை விடவா நமக்குக் கண் கூர்மை?

பகரா அத்தியாயத்தின் 273-ஆவது வசனம் நம்மைப் போன்ற அறக்கட்டளைக்காரர்கள் சுவரில் மாட்டி வைக்க வேண்டிய வசனம். கையேந்தாத ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது அது. அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, விவரம் அறியாதவன் அவர்களைச் செல்வந்தர்கள் என்று எண்ணிக்கொள்வான் என்கிறது. அந்த விவரம் அறியாதவன் யார் என்று நமக்கு இப்போது தெரியும். நாற்பது வருடம் ஓதியும் போன ரமளானில்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது.

சட்டமும் நமக்குத் தெரியாததல்ல. ஹனஃபியோ ஷாஃபிஈயோ, குடியிருக்கிற வீடு இருக்கிறது என்பதற்காக ஒருவர் ஜகாத் வாங்கத் தகுதி இழப்பதில்லை. வீட்டை விற்றுச் சாப்பிடு என்று ஷரீஅத் சொல்லவில்லை. சட்டத்தைக் கிதாபில் வைத்துவிட்டு டைல்ஸைப் பார்த்து முடிவு செய்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பேச்சைச் சிலர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். கேட்காதவர்கள்தான் உண்மையான ஏழைகள், கேட்டு வருகிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. அலுவலக வாசலில் நின்று சத்தம் போடுகிற அம்மாவும், சத்தம் போடாமல் எத்தனை நாள் இருந்து பார்த்துவிட்டு வந்தாரோ, நமக்குத் தெரியாது.

அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கக் கவரில் வைத்து எடுத்துப் போயிருந்தோம். அந்த அம்மா திரைக்குப் பின்னாலிருந்து, "வேணாம் அண்ணே, அது நான் நிய்யத்து வெச்சுக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டார். அதை ஸதகாக் கணக்கில் எழுதினோம். மன்னிப்புக் கேட்டோம். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான், "இவங்களுக்கு டீ போடு, ஓ, நோன்பில்ல" என்று சிரித்தார்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்திருக்கவில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு விண்ணப்பிக்கலாம். டயாலிசிஸும் அதில் உண்டு. தெரிந்தவர்கள் பார்க்க, வரிசையில் நின்று "வருமானம் இல்லை" என்று எழுதி வாங்க அவருக்கு வெட்கம். நம் கமிட்டியில் ஒருவர் கூடப் போய் நின்று வாங்கிக் கொடுத்தார், அரை நாள் வேலை. டயாலிசிஸுக்குப் போய்வர இரண்டு இளைஞர்கள் முறை வைத்து வண்டியில் அழைத்துப் போகிறார்கள். இப்போது வாரம் இரண்டு நாளும் தவறுவதில்லை. இதே நிலையில் வேறு வீடுகள் இருக்கலாம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நம் துணைவியாரிடமோ மதரஸா ஆலிமாவிடமோ சொன்னால் போதும், அலுவலகத்துக்கு வர வேண்டாம். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. அதற்கும் விண்ணப்பம் எழுதித் தருகிறோம்.

இந்த வருடப் பட்டியலை அந்த ஐந்து பேர் போடவில்லை. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பெண்கள் போட்டிருக்கிறார்கள். யார் வீட்டு அடுப்பு எப்போது எரிகிறது என்று பெண்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கவர்களை ஒரே ஒருவர்தான் பிரிப்பார், தொகையைப் பற்றி யாரும் பேசக் கூடாது. கஞ்சி ஊற்றுகிற தொண்டர்களுக்கு ஒரே ஒரு விதி: தூக்கைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக் கூடாது. எவ்வளவு பெரிய தூக்கானாலும் நிறையுங்கள். தமாஷ் வேண்டாம்.

இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் மகனார் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களை மதீனாவில் சிலர் கஞ்சர் என்றே எண்ணியிருந்தார்கள். அவர்கள் மறைந்த பிறகுதான், இரவில் வாசலுக்கு வந்துகொண்டிருந்த உணவு பல வீடுகளுக்கு நின்றுபோனது. குளிப்பாட்டியவர்கள் முதுகில் மூட்டை சுமந்த தழும்பைப் பார்த்தார்கள். அவ்வளவு காலமும் யார் கொண்டுவந்து வைத்தது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

நம் மோதினார் விஷயத்தில், அல்லாஹ்வின் கிருபை, அவர் உயிரோடு இருக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவரிடமும் மன்னிப்புக் கேட்டோம். "செருப்பை வரிசையா விடச் சொல்லுங்க, அது போதும்" என்றார். கஞ்சியை நிறுத்தச் சொன்ன அன்றும் அந்த வீட்டுக்குத் தூக்கு போயிருக்கிறது. அது அவர் வீட்டுப் பங்கு.

இந்தப் பேச்சுக்கு அவரிடம் மட்டும் அனுமதி வாங்கவில்லை. கேட்டால் தரமாட்டார். இஷாவுக்கு பாங்கு சொல்ல எழுந்து போகட்டும் என்று காத்திருந்து, அவர் தலை மறைந்த பிறகுதான் அவர் பேச்சை எடுத்தோம். மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. இதோடு நிறுத்திக்கொள்கிறோம். போகும்போது செருப்பு... சரி, உங்களுக்கே தெரியும்.

வஸ்ஸலாம்.