நுரையீரலுக்குள் ஒரு தண்டல்

மலாக்காவின் ஜாசினாக இருக்கட்டும், அலோர் காஜாவாக இருக்கட்டும், மூச்சு வாங்குகிறது என்று கிளினிக்குக்குப் போனால் தாதி முதலில் விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவார். கோவிட் காலத்தில் அது பல வீடுகளின் அலமாரிக்கே வந்துவிட்டது. 97, 98 என்று காட்டினால் நிம்மதி. 90-க்குக் கீழே இறங்கினால் வீடே பதறும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அது சொல்லிவிடும். ஆக்சிஜன் குறையும் நேரத்தில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் என்ன செய்கின்றன என்பது அதற்குத் தெரியாது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கை கால் தசையில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள ரத்தக் குழாய் விரிந்துகொடுக்கும். பசித்த இடத்துக்குக் கூடுதலாக ரத்தம் போக வேண்டுமே. மூளையிலும் இதயத்திலும் இதே ஏற்பாடுதான். நுரையீரலில் மட்டும் நேர் எதிர். அங்கே ஆக்சிஜன் குறைந்தால் குழாய் சுருங்கும்.

ஏன் இந்த முரண்டு? ரப்பர் தோட்டத்தை நினைத்துப் பார்த்தால் புரியும். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சாய் யான் என்பவர் வணிகத்துக்கென்று ரப்பர் நட்டார். பிறகு வந்த நீண்ட காலம், விடியலில் நம்மவர்கள் கூடிய இடம் பெரட்டுக் களம். அங்கே தண்டல், அதாவது வேலையை மேற்பார்ப்பவர், ஆட்களுக்கு மர நிரை பிரிப்பார். பட்டை காய்ந்து பால் வராத நிரைக்கு ஆள் போடமாட்டார். அந்த ஆளைப் பால் சுரக்கும் நிரைக்குத் திருப்பிவிடுவார். செம்பனை வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதைத் தாத்தா பாட்டிதான் விளக்க வேண்டும். நுரையீரல் செய்வதும் இந்தத் தண்டல் வேலைதான். ரத்தம் அங்கே போவது ஆக்சிஜனைச் செலவழிக்க அல்ல, ஏற்றிக்கொண்டு வர. காற்று வராத மூலைக்குப் போகும் ரத்தம் வெறுங்கையோடு திரும்பும். அதனால் அந்த மூலைக்குப் போகும் குழாய் இறுகி, ரத்தம் நல்ல காற்று உள்ள பக்கம் திரும்பிவிடுகிறது.

கச்சாங் பூத்தே தின்றுகொண்டே ஓடியாடும் குழந்தைக்குக் கடலை ஒன்று மூச்சுக்குழாயின் ஒரு கிளையில் போய் அடைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அந்தக் கிளைக்குப் பின்னால் உள்ள காற்றுப் பைகளில் ஆக்சிஜன் தீரத் தீர, சில நொடிகளிலேயே அங்குள்ள சிறு தமனிகள் சுருங்கத் தொடங்கும். குழந்தையை ஆசுபத்திரியில் சேர்த்துக் கடலையை எடுக்கும்வரை ஓரளவு சமாளிக்க இது உதவுகிறது.

1946-இல் ஸ்டாக்ஹோமில் உல்ஃப் ஃபான் ஆய்லர், யோரான் லில்யெஸ்ட்ராண்ட் என்ற இருவர் இதைப் பூனைகளில் அளந்து காட்டினார்கள். ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க விட்டபோது நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியது. ஃபான் ஆய்லருக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது; அது நரம்புகளைப் பற்றிய வேறு ஆராய்ச்சிக்காக. நரம்பின் உத்தரவே இல்லாமல் நடப்பதுதான் இந்தச் சுருக்கத்தின் விசேஷம். தமனிச் சுவரின் தசைச் செல்லே ஆக்சிஜன் குறைவதை உணர்கிறது. பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் மூடுகின்றன, கால்சியம் உள்ளே நுழைகிறது, தசை இறுகுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் இப்படித்தான். அங்கே நுரையீரலுக்குக் காற்று இல்லை, குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன, கொஞ்ச ரத்தமே உள்ளே போகிறது. பிறந்து வீறிட்டு அழுததும் காற்று புகுந்து குழாய்கள் திறந்துகொள்கின்றன.

சரி, தோட்டம் முழுக்கவே காய்ந்துவிட்டால் தண்டல் ஆளை எங்கே திருப்புவார்? உயரமான மலையில் நடப்பது அதுதான். 1997 மே 23 அன்று மகேந்திரனும் மோகனதாஸும் மலேசியாவிலிருந்து முதன்முதலாக எவரெஸ்டில் ஏறினார்கள். நம் தமிழர் இருவர். அந்த உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட உயரத்தில் நுரையீரலின் எல்லாப் பக்கத்திலும் குழாய்கள் ஒருசேர இறுகும். கையில் அளக்கும் ரத்த அழுத்தம் 120 என்றால் நுரையீரல் தமனியில் சாதாரணமாக 25 அளவுதான், அது ஏறிவிடும். சிலருக்கு மெல்லிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றுப் பைகளை நிரப்பும். 1962 இந்திய-சீனப் போரை ஒட்டி, சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாக அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு இது நேர்ந்தது. இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் மலை நோய் கண்ட 1,925 சிப்பாய்களைப் பற்றி 1969-இல் எழுதிய கட்டுரையை இன்றும் மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

மலையே ஏறாமல், மெர்லிமாவிலும் தெபோங்கிலும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் நுரையீரல் குழாய்கள் இப்படி எங்கும் இறுகலாம். நாற்பது வருஷம் சுருட்டோ கிரெத்தெக்கோ பிடித்தவர். விறகடுப்பிலேயே வெந்த பாட்டி. இவர்களுடைய காற்றுக் குழாய்கள் பழுதாகி, ஆக்சிஜன் எப்போதும் குறைவாகவே இருக்கும். சுருங்கிய தமனிகள் மாதக்கணக்கில் சுருங்கியே கிடந்து சுவர் தடித்துப்போகின்றன. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துவிடும். அப்போது கால் வீங்கும். "உப்பு நீர் கோத்துக்கிச்சு, கிட்னிதான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். சிறுநீரகமாகவும் இருக்கலாம்; ஆனால் மூச்சு வாங்குகிறவருக்குக் கால் வீங்கினால் நுரையீரலையும் இதயத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

இவர்களுக்கு ஆக்சிஜனே மருந்து. ஓய்வாக இருக்கும்போதும் ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள நோயாளிகள் ஒரு நாளில் 15 மணி நேரமாவது அதை எடுத்துக்கொண்டால் ஆயுள் கூடுகிறது என்பதை 1980, 1981-இல் அமெரிக்க, பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. மருந்து என்றால் அளவு உண்டு. "பாவம், அப்பாவுக்கு மூச்சு வாங்குதே" என்று மகன் ஆக்சிஜன் கருவியின் திருகைக் கூட்டி வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கூட்டினால் என்ன ஆகும்? காற்று ஒழுங்காகப் போகாத மூலைகளில் இறுகியிருந்த குழாய்களும் தளர்ந்துவிடும். ரத்தம் அங்கே வீணாகப் போகும், கரியமில வாயு தேங்கும், அப்பாவுக்குத் தூக்கமாக வரும். வீட்டார் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். அது ஆபத்தின் அறிகுறி. புகையால் கெட்ட நுரையீரல் உள்ள இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் 88-லிருந்து 92 வரை போதும் என்கிறார்கள். இன்னொன்று: ஆக்சிஜன் கருவியைச் சாமி மேடைப் பக்கம் வைக்காதீர்கள். குத்துவிளக்கும் ஊதுபத்தியும் தள்ளியே இருக்கட்டும்.

திருச்சிக்குக் குலதெய்வம் கும்பிடப் புறப்படும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகலாம். நமக்குத் தெரிந்த லெடாங் மலையே 1,276 மீட்டர்தான். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே 92, 93-இல் நிற்பவருக்கு நான்கு மணி நேரம் அதில் உட்காருவது லேசான காரியமல்ல. டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். வழியில் ஆக்சிஜன் தேவை என்று அவர் சொன்னால், அவருடைய கடிதத்தோடு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீட்டு உருளையைத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள்.